ஒன்றைத் தொட்டால் நான்கு உடைகிறதா? சார்ந்திருக்கும் ரெப்போக்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ நாலைந்து பேர் சேர்ந்து மென்பொருள் எழுதும் டீம்களில் ஒரே மாதிரி அமைப்பைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் உள்ள ஷூ கம்பெனிகளுக்கு பில்லிங் ஒன்று, ஸ்டாக் ஒன்று, சம்பளப் பட்டியல் ஒன்று, சேல்ஸ்மேன் கையில் வைத்துக்கொள்ள மொபைல் ஆப் ஒன்று. நான்குக்கும் பொதுவான வேலைகள் தனியாக ஒரு லைப்ரரியில்: ஜிஎஸ்டி கணக்கு, மாவட்டப் பட்டியல், தொகையைத் தமிழ் எழுத்தில் மாற்றுவது. அந்த லைப்ரரிக்குப் பெயர் 'பொது' என்று வைத்துக்கொள்வோம். ஐந்தும் ஐந்து கிட் ரெப்போ, அதாவது நிரலையும் அதன் மாற்றங்களின் வரலாற்றையும் கிட் என்ற கருவி சேர்த்து வைத்திருக்கும் கிடங்கு. 'பொது' மற்ற நான்கிலும் சப்மாட்யூலாக, அதாவது ரெப்போவுக்குள் இணைத்த இன்னொரு ரெப்போவாக, உட்கார்ந்திருக்கிறது.

இந்த அமைப்பு தவறில்லை. ஆனால் உடையும்போது எங்கே உடைந்தது என்றே தெரியாமல் உடையும். அதனால் இந்தக் கட்டுரையை அறிகுறிகளாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் திரையில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். என் கருத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் சில அறிகுறிகள் கட்டளை தெரியாததால் வருபவை, பத்து நிமிட வேலை. பின்பாதியில் உள்ளவை ரெப்போவின் எல்லையைத் தப்பான இடத்தில் போட்டதால் வருபவை. அவற்றுக்குக் கட்டளை மருந்தாகாது.

எதைத் தொடுவதற்கு முன்பும் பில்லிங் போன்ற பிரதான ரெப்போவில் நின்று 'கிட் சப்மாட்யூல் ஸ்டேட்டஸ்' என்று ஒருமுறை அடித்துப் பாருங்கள். வரும் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்துதான் நோய் எது என்று சொல்லும். மைனஸ் குறி இருந்தால் அந்த சப்மாட்யூல் இன்னும் இறக்கப்படவே இல்லை. பிளஸ் குறி இருந்தால், பிரதான ரெப்போ குறித்து வைத்திருக்கும் கமிட் (மாற்றங்களைச் சேமித்த ஒரு பதிவு) வேறு, உங்கள் ஃபோல்டரில் இப்போது இருக்கும் கமிட் வேறு. ஆங்கிலப் பெரிய எழுத்து யூ இருந்தால் மெர்ஜ் மோதல், அதாவது இரண்டு பேரின் மாற்றங்களை இணைக்கும்போது வந்த முரண். எதுவும் இல்லாமல் காலி இடம் இருந்தால் சப்மாட்யூல் சரியாக இருக்கிறது, பிரச்சினையை வேறு எங்காவது தேடுங்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். பில்லிங் ரெப்போவுக்குள் 'பொது' லைப்ரரியின் கோப்புகள் கிடையாது. பார்சல் எண் எழுதிய கூரியர் ரசீது மாதிரி, எந்த கமிட் வேண்டும் என்ற நாற்பது எழுத்து அடையாளம் மட்டும்தான் அங்கே பதிவாகியிருக்கும். கீழே 'குறிப்பு' என்று நான் சொல்வது இதைத்தான். முகவரி, டாட் கிட்மாட்யூல்ஸ் என்ற தனிக் கோப்பில் இருக்கும். சப்மாட்யூல் சேர்க்கும்போது பிராஞ்ச் (கமிட்கள் வரிசையாக வளரும் கிளை) பெயர் கொடுத்தாலும் பதிவாவது கமிட்தான். கீழே வருவதில் பாதி இதிலிருந்தே கிளைப்பது.

"க்ளோன் செய்தேன், 'பொது' ஃபோல்டர் காலியாக இருக்கிறது"

புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் நாளில் கேட்பது இது. சாதாரண க்ளோன் (சர்வரில் உள்ள ரெப்போவை நகலெடுப்பது) சப்மாட்யூலை இறக்காது. பிரதான ரெப்போவுக்குள் போய் 'கிட் சப்மாட்யூல் அப்டேட்' கட்டளையை இனிட், ரிகர்சிவ் என்ற இரண்டு ஆப்ஷன்களுடன் கொடுங்கள். அடுத்த முறை க்ளோன் செய்யும்போதே 'ரிகர்ஸ் சப்மாட்யூல்ஸ்' ஆப்ஷனைச் சேர்த்துவிட்டால் இந்த வேலை மிச்சம்.

கட்டளை கொடுத்தும் காலியாகவே இருந்தால், ரெப்போவை எப்படி எடுத்தீர்கள் என்று யோசியுங்கள். கிட்ஹப்பில் ஜிப் கோப்பாக டவுன்லோட் செய்தால் சப்மாட்யூலின் உள்ளடக்கம் அதில் வராது. ஜிப்பில் கிட் வரலாறும் இருக்காது, அதனால் அங்கே எந்த கிட் கட்டளையும் எடுபடாது. கல்லூரி லேபில் ஜிப்பைப் பென்டிரைவில் போட்டுக் கைமாற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தைய ராத்திரி பாதிப் பேர் தடுமாறுவது இதில்தான்.

"என் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, மற்றவர்களுக்கு அந்த கமிட் இல்லை என்று வருகிறது"

'பொது' லைப்ரரியில் ஒருவர் மாற்றம் செய்து கமிட் போட்டிருப்பார். பில்லிங் ரெப்போவில் அந்தப் புதிய கமிட்டைக் குறித்து, பில்லிங்கை மட்டும் புஷ் செய்திருப்பார், அதாவது சர்வருக்கு ஏற்றியிருப்பார். 'பொது'வைப் புஷ் செய்திருக்க மாட்டார். ரசீது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, பார்சல் மட்டும் அவர் லேப்டாப்பிலேயே இருக்கிறது.

அவர் பக்கத்தில் இருந்தால், 'பொது' ஃபோல்டருக்குள் போய்ப் புஷ் செய்யச் சொல்லுங்கள். முடிந்தது. அவர் சனிக்கிழமை சாயங்காலமே குடியாத்தம் கிளம்பிவிட்டார், போனையும் எடுக்கவில்லை என்றால் குறிப்பைப் பின்னால் இழுக்க வேண்டியதுதான். 'பொது' ஃபோல்டருக்குள் போய் ஃபெட்ச் செய்து, சர்வரில் உள்ள மெயின் பிராஞ்சின் கமிட்டை செக்அவுட் செய்யுங்கள். வெளியே வந்து பில்லிங்கில் 'கிட் ஆட் பொது' கொடுத்து ஒரு கமிட் போடுங்கள். அவருடைய வேலை எதுவும் அழியாது. அவர் வந்து புஷ் செய்ததும் குறிப்பை மறுபடி முன்னால் நகர்த்தலாம்.

இனிமேல் நடக்காமல் இருக்க, டீமில் எல்லோருடைய கான்ஃபிக்கிலும் 'புஷ் டாட் ரிகர்ஸ்சப்மாட்யூல்ஸ்' என்பதற்கு 'செக்' என்று மதிப்பு கொடுங்கள். உள்ளே புஷ் ஆகாத கமிட் இருந்தால் வெளியே புஷ் செய்யவே கிட் மறுத்துவிடும். 'ஆன் டிமாண்ட்' என்று கொடுத்தால் கிட்டே உள்ளதையும் சேர்த்துப் புஷ் செய்யும். எனக்கு அது பிடிக்காது. பொது லைப்ரரிக்குள் ஒரு மாற்றம் போகிறது என்றால் அது ஒருவர் கண்ணுக்குத் தெரிந்தே போகட்டும்.

இதே பிழைச் செய்தி வேறு ஒரு வழியிலும் வரும். 'பொது'வில் ஒரு தனி பிராஞ்சில் வேலை நடந்திருக்கும், பில்லிங் அந்த பிராஞ்சின் கமிட்டைக் குறித்திருக்கும். பிறகு அதை ஸ்குவாஷ் மெர்ஜ் செய்து, அதாவது எல்லா கமிட்களையும் ஒன்றாகச் சுருக்கி மெயினில் சேர்த்து, பிராஞ்சை அழித்திருப்பார்கள். மெயினில் இருப்பது புதிய அடையாளம் கொண்ட வேறொரு கமிட். பழையது எந்த பிராஞ்சிலும் இல்லை. சர்வரைப் பொறுத்து சில நாள் கிடைக்கும், பிறகு கிடைக்காது. அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: வெளி ரெப்போவின் மெயின் பிராஞ்ச் குறிக்கும் கமிட், உள் ரெப்போவின் மெயினிலோ ஒரு டேகிலோ (ஒரு கமிட்டுக்கு வைத்த பெயர்) இருந்தே ஆக வேண்டும். பில்ட் ஸ்கிரிப்ட்டில் 'கிட் மெர்ஜ்-பேஸ்' கட்டளையின் 'இஸ் ஆன்செஸ்டர்' ஆப்ஷனை வைத்து இதை ஒரே வரியில் சோதிக்கலாம்.

"காலையில் எழுதியது மதியம் காணோம்"

சப்மாட்யூல் அப்டேட் செய்ததும் உள்ளே நீங்கள் நிற்பது எந்த பிராஞ்சிலும் இல்லை, நேராக ஒரு கமிட்டின் மேல். டிட்டாச்டு ஹெட் என்று கிட் சொல்வது இதைத்தான். அங்கேயே இரண்டு மூன்று கமிட் போட்டுவிட்டு, அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று மறுபடி சப்மாட்யூல் அப்டேட் அடித்தால், ஃபோல்டர் பழைய கமிட்டுக்குத் திரும்பிவிடும். உங்கள் கமிட்களைப் பிடித்து வைக்க எந்த பிராஞ்சும் இல்லாததால் அவை கண்ணுக்குத் தெரியாது.

பதற வேண்டாம். 'பொது' ஃபோல்டருக்குள் போய் 'கிட் ரிஃப்லாக்' அடியுங்கள். அந்த ஃபோல்டரில் நீங்கள் நின்ற ஒவ்வொரு இடமும் வரிசையாக வரும். உங்கள் கடைசி கமிட்டின் அடையாளத்தை எடுத்து, 'கிட் பிராஞ்ச் மீட்பு' என்று எழுதிப் பக்கத்தில் அந்த அடையாளத்தைக் கொடுங்கள். காணாமல் போனதெல்லாம் அந்த பிராஞ்சில் இருக்கும். இதற்குக் காலக்கெடு உண்டு. இப்படி எந்த பிராஞ்சிலும் சேராமல் நிற்கும் கமிட்களின் தடயத்தை கிட் இயல்பாக 30 நாள்தான் வைத்திருக்கும்.

கமிட்டே போடாமல் வெறும் கோப்பாக வைத்திருந்தவருக்கு ரிஃப்லாக் உதவாது. சாதாரண அப்டேட் அந்த மாற்றங்களின் மேல் எழுத மறுக்கும். யாராவது ஃபோர்ஸ் ஆப்ஷன் போட்டிருந்தால்தான் போகும், போனது போனதுதான். எடிட்டரின் உள்ளூர் வரலாற்றில் தேடிப் பாருங்கள், சில சமயம் கிடைக்கும்.

தடுக்க வழி எளிது. உள்ளே கை வைப்பதற்கு முன் 'கிட் சுவிட்ச் மெயின்' அடிக்கும் பழக்கம்.

"நான் தொடவே இல்லை, 'பொது' மாறியிருப்பதாகக் காட்டுகிறது"

இந்தப் பட்டியலிலேயே அதிக நஷ்டம் தரக்கூடியது இது. நிதானமாகப் படியுங்கள்.

நீங்கள் பில்லிங்கில் புல் செய்கிறீர்கள், அதாவது சர்வரில் உள்ள புதிய மாற்றங்களை இறக்குகிறீர்கள். வேறொருவர் 'பொது'வின் குறிப்பை முன்னால் நகர்த்தியிருக்கிறார். புல் செய்ததில் குறிப்பு புதிதாகிவிட்டது. ஆனால் உங்கள் ஃபோல்டரில் இருப்பது இன்னும் பழைய கமிட், ஏனென்றால் சாதாரண புல் சப்மாட்யூலுக்குள் போய்க் கோப்புகளை மாற்றாது. இப்போது கிட் ஸ்டேட்டஸ் அடித்தால் 'பொது' மாறியிருக்கிறது, அதில் புதிய கமிட்கள் இருக்கின்றன என்று காட்டும். உண்மையில் உங்களிடம் இருப்பது பழசு. கிட்டின் பார்வையில் குறிப்புக்கும் ஃபோல்டருக்கும் வித்தியாசம் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கவனிக்காமல் உங்கள் சொந்த மாற்றத்துக்காக 'கிட் கமிட்' கட்டளையை, எல்லாவற்றையும் சேர்க்கும் ஏ ஆப்ஷனோடு அடித்தால் என்ன ஆகும்? குறிப்பு சத்தமில்லாமல் பின்னால் போய்விடும். மெர்ஜ் மோதல் வராது. ரிவ்யூ பார்ப்பவருக்கும் இரண்டு நீண்ட அடையாளங்கள் மாறியதாக மட்டும்தான் தெரியும், அவரும் சரி என்று விட்டுவிடுவார்.

ஷூ வியாபாரத்தில் இதன் விலை என்ன என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. அதற்கு முன்பு 1000 ரூபாய் வரை 12, அதற்கு மேல் 18. அந்த மாற்றம் 'பொது' லைப்ரரியில் ஒரு கமிட். குறிப்பு அதற்கு முந்தைய பழைய கமிட்டுக்குத் திரும்பிவிட்டால், 1800 ரூபாய் ஷூவுக்கு 5 சதவீதத்துக்குப் பதில் 18 சதவீதம் போட்டு பில் வரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆம்பூரிலிருந்து கணக்குப்பிள்ளை போன் செய்யும்போதுதான் தெரியும்.

ஆகவே ஸ்டேட்டஸில் 'பொது' என்ற பெயரைப் பார்த்ததும் அடைப்புக்குறிக்குள் கிட் என்ன சொல்கிறது என்று படியுங்கள். 'நியூ கமிட்ஸ்' என்றால் மேலே சொன்ன கதை. 'மாடிஃபைடு கன்டென்ட்' என்றால் உள்ளே கமிட் ஆகாத மாற்றம் இருக்கிறது. 'அன்டிராக்டு கன்டென்ட்' என்றால் பெரும்பாலும் பில்ட் கக்கிவிட்டுப் போன குப்பை, உள் ரெப்போவின் டாட் கிட்இக்னோர் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போய்விடும்.

முதல் வகையாக இருந்து, நீங்கள் நிஜமாகவே 'பொது'வைத் தொடவில்லை என்றால், சப்மாட்யூல் அப்டேட் அடித்தால் போதும், ஸ்டேட்டஸ் சுத்தமாகும். நிரந்தரமாகச் சரிசெய்ய இரண்டு கான்ஃபிக். 'சப்மாட்யூல் டாட் ரிகர்ஸ்' என்பதை ட்ரூ ஆக்குங்கள். புல், சுவிட்ச் எல்லாம் உள்ளேயும் போய் ஃபோல்டரைச் சரியாக வைக்கும். இதை ட்ரூ ஆக்கினால் புஷ் விஷயத்திலும் ஆன் டிமாண்ட் தானாக அமலுக்கு வந்துவிடும், அதனால் நான் சொன்ன 'செக்' மதிப்பைத் தனியாக எழுதி வைத்துவிடுங்கள். அடுத்து 'டிஃப் டாட் சப்மாட்யூல்' என்பதற்கு 'லாக்' என்று கொடுங்கள். இனி டிஃப் பார்க்கும்போது அடையாளங்களுக்குப் பதில் எந்தெந்த கமிட் சேர்கிறது, எது விலகுகிறது என்று தலைப்போடு வரும். குறிப்பு பின்னால் போனால் 'ரிவைண்ட்' என்ற சொல்லே அங்கே தெரியும். ஒருவர் அதைப் பார்த்துவிட்டால் அந்த பில் வெளியே போயிருக்காது.

"மெர்ஜ் செய்தால் 'பொது'வில் மோதல் என்கிறது, ஆனால் திறந்து பார்க்க எதுவும் இல்லை"

இரண்டு பிராஞ்சும் குறிப்பை வெவ்வேறு கமிட்டுக்கு நகர்த்தியிருக்கின்றன. கோப்பு இல்லாததால் வழக்கமான மோதல் கோடுகளும் இல்லை. உள்ளே போய் இரண்டு கமிட்டில் ஒன்று மற்றொன்றை உள்ளடக்கியதா என்று பாருங்கள். ஆமென்றால் முன்னால் இருப்பதை செக்அவுட் செய்து, வெளியே வந்து 'கிட் ஆட்' கொடுங்கள். இல்லையென்றால் முதலில் 'பொது'வுக்குள்ளேயே இரண்டையும் மெர்ஜ் செய்து புஷ் செய்துவிட்டு, அந்தப் புதிய கமிட்டைக் குறியுங்கள். வெளியே இருந்துகொண்டே ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், இன்னொருவருடைய வேலை விழுந்துவிடும்.

"சர்வரில் மட்டும் பில்ட் தோற்கிறது"

பெரும்பாலும் அனுமதிப் பிரச்சினை. கிட்ஹப் ஆக்ஷன்ஸ் இயல்பாகத் தரும் டோக்கன் அந்த ஒரு ரெப்போவைத்தான் திறக்கும். பிரைவேட்டாக இருக்கும் 'பொது' ரெப்போவைத் திறக்காது. படிக்க மட்டும் அனுமதியுள்ள டிப்ளாய் கீ ஒன்றையோ தனி டோக்கன் ஒன்றையோ உருவாக்கி செக்அவுட் படியில் கொடுங்கள்.

முகவரி எப்படி எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் எஸ்எஸ்ஹெச், சர்வரில் ஹெச்டிடிபிஎஸ் என்று இருந்தால் டாட் கிட்மாட்யூல்ஸ் கோப்பில் முழு முகவரி எழுதுவது தொல்லை. எல்லா ரெப்போவும் ஒரே கணக்கின் கீழ் இருந்தால் இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு, அதன்பின் ரெப்போ பெயர் என்று சார்பு முகவரியாக எழுதுங்கள். வெளி ரெப்போவை எந்த வழியில் எடுத்தார்களோ அதே வழியில் உள்ளதும் வரும். முகவரியை மாற்றிய பிறகு ஏற்கெனவே க்ளோன் வைத்திருப்பவர்கள் 'கிட் சப்மாட்யூல் சிங்க்' ஒருமுறை அடிக்க வேண்டும். இதைச் சொல்ல மறந்துவிட்டு ஒரு வாரம் பழைய சர்வரிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கும் டீம்கள் உண்டு.

லேபில் இணையம் இல்லாமல் லோக்கல் பாதையிலிருந்து சப்மாட்யூல் எடுப்பவர்களுக்கு 'ஃபைல் டிரான்ஸ்போர்ட் அனுமதி இல்லை' என்று வந்தால் அது உங்கள் தப்பில்லை. 2022 அக்டோபரில் வந்த 2.38.1 பதிப்பில் பாதுகாப்புக் காரணத்துக்காக அதை மூடினார்கள். உங்கள் சொந்த ரெப்போ என்று உறுதியாகத் தெரிந்தால் 'புரோட்டோகால் டாட் ஃபைல் டாட் அலவ்' என்பதற்கு அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் 'ஆல்வேஸ்' கொடுங்கள். குளோபலாகத் திறந்து வைக்காதீர்கள்.

"ஒரு சின்னத் திருத்தம், நான்கு ரெப்போவில் நான்கு புல் ரிக்வெஸ்ட்"

இங்கிருந்து கட்டளைப் பேச்சு குறையும்.

2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றானது: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. ஆற்காடும் வாலாஜாவும் அரக்கோணமும் ராணிப்பேட்டைக்கு. பின்கோடு மாறவில்லை, ஜிஎஸ்டியின் மாநிலக் குறியீடு 33 மாறவில்லை, மாவட்டம் மட்டும் மாறியது. வட ஆற்காடு மக்களுக்கு இது புதிதில்லை, 1989இலும் ஒரு பிரிவினையைப் பார்த்தவர்கள்தான். மென்பொருளுக்கு இதில் வேலை அதிகம். 'பொது'வில் பட்டியல் மாற வேண்டும். பில்லிங்கின் முகவரிப் படிவம், சம்பளப் பட்டியலின் அறிக்கை, மொபைல் ஆப்பின் டிராப்டவுன் எல்லாம் மாற வேண்டும். ஸ்டாக்கில் குடோன் பட்டியலும். இவை ஐந்து ரெப்போவில் இருந்தால் ஐந்து ரிவ்யூ. 'பொது' முதலில் மெர்ஜ் ஆகி, பிறகு மற்றவை குறிப்பை நகர்த்தி, பிறகு வரிசையாக ரிலீஸ். நடுவில் ஒன்று தாமதமானால், மொபைல் ஆப் ராணிப்பேட்டை என்று அனுப்பும், பில்லிங் சர்வர் அப்படி ஒரு மாவட்டமே கிடையாது என்று திருப்பி அனுப்பும்.

பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடந்தால் சமாளிக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை நடந்தால் அமைப்பே தப்பு. கண்டுபிடிக்க, கடந்த மூன்று மாத கிட் லாகை ஐந்து ரெப்போவிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 'பொது'வில் போட்ட கமிட்டுக்கு அடுத்த ஓரிரு நாளில் மற்ற ரெப்போவில் 'குறிப்பை நகர்த்தினேன்' என்ற கமிட் எத்தனை தடவை வருகிறது? கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் வருகிறது என்றால் அவை ஒரே திட்டம். ஐந்து ரெப்போவாக உடைத்தது பெயருக்குத்தான்.

அப்படியானால் ஒன்றாக்குங்கள். மோனோரெப்போ (எல்லாத் திட்டமும் ஒரே ரெப்போவில்) என்றதும் கூகுள், மைக்ரோசாஃப்ட் என்று பெரிய பெயர்களைச் சொல்லி பயமுறுத்துவார்கள். 2017இல் விண்டோஸ் மூலநிரலை கிட்டுக்கு மாற்றியபோது ரெப்போ சுமார் 300 ஜிபி இருந்தது, அதற்காகவே மைக்ரோசாஃப்ட் தனிக் கருவி எழுத வேண்டி வந்தது. நாலைந்து பேர் எழுதும் பில்லிங் சாஃப்ட்வேர் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது.

வரலாறு போய்விடாமல் இணைக்க முடியும். ஒவ்வொரு ரெப்போவையும் புதிதாக க்ளோன் செய்து, 'கிட் ஃபில்டர்-ரெப்போ' கருவியின் 'டு சப்டைரக்டரி ஃபில்டர்' ஆப்ஷனால் எல்லாக் கோப்புகளையும் அதன் பெயருள்ள ஃபோல்டருக்குள் தள்ளுங்கள். பிறகு காலி ரெப்போ ஒன்றை ஆரம்பித்து, ஒவ்வொன்றையும் ரிமோட்டாகச் சேர்த்து, 'அலவ் அன்ரிலேட்டட் ஹிஸ்டரிஸ்' ஆப்ஷனோடு மெர்ஜ் செய்யுங்கள். இரண்டு இடங்களில் கவனம் தேவை. நான்கு ரெப்போவிலும் 'வி1.0' என்ற டேக் இருந்தால் ஒன்றோடொன்று மோதும், முன்கூட்டியே ஒவ்வொரு டேகுக்கும் ரெப்போ பெயரை முன்னால் ஒட்டுங்கள். ஃபில்டர்-ரெப்போ எல்லா கமிட் அடையாளங்களையும் புதிதாக்கிவிடும், அதனால் பழைய ரெப்போக்களை அழிக்காமல் படிக்க மட்டும் என்று ஆர்க்கைவ் செய்து வையுங்கள். பழைய பிழைப் பதிவுகளில் உள்ள கமிட் இணைப்புகள் அங்கே உயிரோடிருக்கும். திறந்திருக்கும் பிராஞ்ச்கள் எல்லாம் மெர்ஜ் ஆன ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதற்குச் சரியான நேரம்.

ஒன்றாக்க முடியாது, ஆனால் சப்மாட்யூலும் வேண்டாம் என்பவர்களுக்கு சப்ட்ரீ இருக்கிறது. 2012இலிருந்து கிட்டோடு சேர்ந்தே வருகிறது. உள்ளே கோப்புகளே நேராக இருக்கும், க்ளோன் செய்பவருக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாங்கிக்கொள்வதற்கு அருமையான வழி. திருப்பிக் கொடுப்பதற்கு அவ்வளவாக இல்லை: பில்லிங்குக்குள்ளேயே 'பொது'வைத் திருத்தும் ஆசை எல்லோருக்கும் வரும், அந்தத் திருத்தத்தை மூல ரெப்போவுக்கு அனுப்ப யாருக்கும் நேரம் வராது. ஆறு மாதத்தில் நான்கு 'பொது' இருக்கும்.

"ஒரே லைப்ரரி இரண்டு பதிப்பாக உள்ளே வந்திருக்கிறது"

பில் அச்சடிக்க 'அச்சு' என்று இன்னொரு லைப்ரரி எழுதினீர்கள். தொகையை எழுத்தில் மாற்ற அதற்கும் 'பொது' தேவைப்பட்டது, அதற்குள்ளும் சப்மாட்யூலாகச் சேர்த்தீர்கள். இப்போது பில்லிங்குக்குள் ஒரு 'பொது', 'அச்சு'க்குள் இன்னொரு 'பொது', இரண்டும் வெவ்வேறு கமிட். திரையில் ஒரு வரி, அச்சில் வேறு வரி.

தற்காலிகத் தீர்வு, இரண்டு குறிப்பையும் ஒரே கமிட்டுக்குக் கொண்டுவருவது. நிரந்தரத் தீர்வு வேறு: லைப்ரரிக்குள் சப்மாட்யூல் வைக்காதீர்கள். 'எனக்குப் பொது வேண்டும், இந்தப் பதிப்பு முதல் இந்தப் பதிப்பு வரை' என்று மட்டும் லைப்ரரி சொல்லட்டும். எந்த ஒன்று என்பதைக் கடைசி ஆப் முடிவு செய்து பூட்டட்டும். பேக்கேஜ் மேனேஜர்களும், எந்தப் பதிப்பு என்று பூட்டி வைக்கும் லாக் ஃபைலும் இருப்பது இதற்குத்தான். ஜாவா என்றால் மேவன், பிஎச்பி என்றால் கம்போசர், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் என்பிஎம். 'பொது'வை பிரைவேட் பேக்கேஜாக வெளியிட்டால் போதும். லாக் ஃபைலைக் கட்டாயம் கமிட் செய்யுங்கள். ஒருமுறை வெளியிட்ட டேகை நகர்த்தாதீர்கள், தப்பு இருந்தால் அடுத்த எண்.

பேக்கேஜ் வழியில் போனால் 'பொது' மாறும் விதமும் மாற வேண்டும். ஃபங்ஷன் பெயரை ஒரே கமிட்டில் மாற்றிவிட முடியாது. புதியதைச் சேர்த்து ஒரு பதிப்பு, எல்லோரும் புதியதுக்கு வந்த பிறகு பழையதை நீக்கி இன்னொரு பதிப்பு. மெதுவான வழிதான், ஆனால் சம்பளப் பட்டியலை மாதக் கடைசியில் யாரும் தொட முடியாது என்ற நிலைமை உள்ள டீமுக்கு இதுதான் சரி.

"பில்லிங்குக்கு ஸ்டாக் வேண்டும், ஸ்டாக்குக்கு பில்லிங் வேண்டும்"

இரண்டையும் சுற்றிச் சுற்றி சப்மாட்யூலாக்க முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். இரண்டும் கேட்கும் பொருள் எதுவோ, பெரும்பாலும் அது சரக்குப் பட்டியலாகத்தான் இருக்கும், அதைப் பிரித்து மூன்றாவதாக வையுங்கள். பிரிக்க முடியாத அளவுக்குப் பின்னியிருந்தால் ஒரே ரெப்போவில் போட்டுவிடுங்கள்.

"ஒன்றாக்கினோம், இப்போது எதைத் தொட்டாலும் எல்லாம் பில்ட் ஆகிறது"

பில்ட் அமைப்பில் பாதை வடிகட்டி போடுங்கள்: சம்பளம் ஃபோல்டர் மாறினால் சம்பளம் மட்டும், 'பொது' மாறினால் எல்லாம். இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள், ஒன்றாக்கியதன் பலனே அதில்தான் இருக்கிறது. மொபைல் ஆப் மட்டும் எழுதுபவருக்கு முழு ஃபோல்டரும் வேண்டாம் என்றால் 'கிட் ஸ்பார்ஸ்-செக்அவுட்' இருக்கிறது, 2020 ஜனவரியில் வந்த 2.25 முதல் தனிக் கட்டளையாக.

ரெப்போ கனமாக இருக்கிறது என்றால் காரணம் நிரலாக இருக்காது. ஷூ கேட்லாக் போட்டோக்களை யாரோ கமிட் செய்திருப்பார்கள். கிட்ஹப் 100 எம்பிக்கு மேல் ஒற்றைக் கோப்பை ஏற்காது, ஆனால் ஐந்து எம்பி போட்டோக்கள் ஆயிரம் இருந்தால் தடுக்காது. அவற்றை எல்எஃப்எஸ்ஸுக்கோ (பெரிய கோப்புகளை ரெப்போவுக்கு வெளியே வைக்கும் கிட்டின் துணைக் கருவி) வெளி ஸ்டோரேஜுக்கோ மாற்றுங்கள்.

"சப்மாட்யூலை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தால் ஏற்கெனவே இருக்கிறது என்கிறது"

'கிட் ஆர்எம்' கோப்பையும் டாட் கிட்மாட்யூல்ஸில் உள்ள வரியையும் எடுக்கும். டாட் கிட் ஃபோல்டருக்குள் மாட்யூல்ஸ் என்ற இடத்தில் அதன் வரலாறு அப்படியே கிடக்கும். அந்த ஃபோல்டரைக் கையால் அழித்துவிட்டு மறுபடி சேருங்கள். உள்ளே புஷ் ஆகாத கமிட் எதுவும் இல்லை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஒரு கம்பெனிக்கு அவர்கள் பாகத்தை மட்டும் காட்ட வேண்டும்"

ராணிப்பேட்டை கம்பெனி ஒன்று, தங்களுக்காக எழுதிய ஏற்றுமதி மாட்யூலின் மூலநிரலைத் தங்கள் ஐடி ஆள் பார்க்க வேண்டும் என்று கேட்கிறது. மோனோரெப்போவில் அந்த ஃபோல்டரை மட்டும் காட்ட முடியாது, ரெப்போவைப் படிக்கும் அனுமதி இருந்தால் எல்லாவற்றையும் படிக்கலாம், வரலாற்றோடு. ஸ்பார்ஸ்-செக்அவுட் பாதுகாப்பு ஏற்பாடு அல்ல. அந்த மாட்யூலைத் தனி ரெப்போவாகப் பிரியுங்கள். ஃபில்டர்-ரெப்போவே அந்த ஒரு ஃபோல்டரின் வரலாற்றை மட்டும் தனியாக எடுத்துத் தரும். 'பொது'வைப் பேக்கேஜாகக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அந்தப் பழைய கமிட்களில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், இருந்தால் சர்வரில் பாஸ்வேர்டை மாற்றிய பிறகே ரெப்போவைத் திறந்துவிடுங்கள்.